சித்திக்குப் பிள்ளை இல்லாததால்தான் சினைப்பைப் புற்றுநோய் வந்ததா?

வெண்பூசணி:
போன மாதம் என் சித்தி இறந்துபோனார். 58 வயது. சினைப்பைப் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே வயிறு முழுக்கப் பரவியிருந்தது, ஆபரேஷன், ஆறு கீமோ, ஒரு வருடம் நன்றாக இருந்தார், திரும்பி வந்தபோது தாங்கவில்லை. கணக்கு டீச்சர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் அவர்தான், தலைக்குப் பேன் பார்த்ததும் அவர்தான்.

கருமாதி அன்று பந்தியில் பெரியம்மா (அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர், நாலு பிள்ளை பெற்றவர்) எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "காலாகாலத்துல ஒரு புள்ளையப் பெத்துப் பால் குடுத்திருந்தா இந்த நோவு கிட்ட வந்திருக்குமா?" சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு 36. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. முட்டை வளர மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன், ஐவிஎஃப் இரண்டு தடவை ஆகிவிட்டது, இரண்டும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. பிள்ளை பெறாதவர்களுக்கு இது வரும் என்பதில் உண்மை இருக்கிறதா? நான் சாப்பிட்ட மாத்திரைகளால் வருமா? ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது, தெரிந்தவர்கள் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சித்திக்கு என் அஞ்சலி. மருத்துவப் புள்ளிவிவரம் எனக்குப் பிழைப்பு என்பதால் நேராகச் சொல்கிறேன். உங்கள் பெரியம்மா சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு. அந்தக் கால்வாசியை வைத்து ஒரு தனி மனுஷிக்கு ஏன் நோய் வந்தது என்று தீர்ப்புச் சொன்னதுதான் தப்பு.

முதலில் உண்மை. ஒரு பிள்ளையாவது பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட இந்த நோய் 20 முதல் 30 சதவீதம் குறைவாக வருகிறது. அடுத்தடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் ஆறேழு சதவீதம் குறைகிறது. பல நாடுகளில், பல லட்சம் பெண்களிடம் பார்த்தது, இதை மறுப்பதற்கில்லை. தாய்ப்பாலும் சேர்த்திதான். 2020-இல் வந்த ஓர் ஆய்வில், 13 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகப் போட்டு, நோய் வந்த பத்தாயிரம் பேரை வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். பால் கொடுத்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவு.

இதற்கு ஒரு காரணத்தை முதலில் சொன்னவர் எகிப்து நாட்டு மகப்பேறு மருத்துவர் மஹ்மூத் ஃபத்தல்லா. 1971-இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் சின்னதாக ஒரு கட்டுரை. மாதா மாதம் முட்டை வெளியே வரும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிகிறது, பிறகு ஆறுகிறது. நிற்காமல் கிழிந்து ஆறிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு தடவை செல் பிரிவதில் பிழை விழும், அது தங்கிவிடும் என்றார். கர்ப்பம், பால் கொடுக்கும் காலம், கருத்தடை மாத்திரை, மூன்றிலும் முட்டை வெளிவருவது நிற்கிறது. மூன்றிலும் நோய் குறைகிறது. பொருந்துகிறதல்லவா?

இனி அந்த 20, 30 சதவீதம் எதில் என்று பாருங்கள். மேலை நாடுகளில் ஆயுள் முழுதுக்கும் சேர்த்து நூறு பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இந்த நோய் வருகிறது. அதில் கால்வாசி கூடினால் என்ன, குறைந்தால் என்ன, பிள்ளை பெற்றவர்களை நூறு பேர் நிற்க வைத்தாலும் பெறாதவர்களை நூறு பேர் நிற்க வைத்தாலும் 98 பேருக்கு மேல் இது வரவே வராது. நாலு பிள்ளை பெற்றவர்களுக்கும் வருகிறது. புற்றுநோய் வார்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள்தான், ஏனென்றால் ஊரில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள்.

வேப்பங்குச்சி:
இத்தனை ஆய்வு எதற்கு? நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றார்கள், இரண்டு வருடம் பால் கொடுத்தார்கள், இப்படி ஒரு நோயே அன்று இல்லை. இயற்கைக்கு மாறாகப் போனால் உடம்பு கணக்குக் கேட்கும். சகோதரியைப் புண்படுத்தச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பழைய நர்ஸ்:
தம்பி வேப்பங்குச்சி, 34 வருடம் பிரசவ வார்டில் நின்றவள் சொல்கிறேன், பத்துப் பெற்ற பாட்டிமாரை மட்டும் பார்த்திருக்கிறாய், மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் போய்ச் சேர்ந்த பாட்டிமாரை யார் படம் பிடித்து மாட்டினார்கள்? சுதந்திரம் வந்த சமயம் இந்தியாவில் சராசரி ஆயுளே 32 பக்கம்தான். இந்த நோய் பெரும்பாலும் 50-க்கு மேல் வருவது. ஆள் இருந்தால்தானே நோய் வரும்.

இன்னொன்று, அன்றைக்கு நோய் இல்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்? வயிறு வீங்கிச் செத்தால் மகோதரம், உடம்பு இளைத்துச் செத்தால் சோகை, ஒன்றும் தெரியாவிட்டால் செய்வினை. ஸ்கேன் எடுத்தா எரித்தார்கள்?

வெண்பூசணி, ராத்திரி விழித்திருந்து யோசிக்காதே கண்ணு. உன் கேள்வி இருக்கட்டும், நான் ஒன்று கேட்கிறேன். உன் சித்திக்கு முதலில் என்ன தொந்தரவு இருந்தது, எத்தனை நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள்?

வெண்பூசணி:
அக்கா, அதைச் சொல்லத்தான் எனக்கு வயிறு எரிகிறது. எட்டு மாதம். முதலில் பாவாடை நாடா. எப்போதும் போடுகிற முடிச்சில் எட்டவில்லை என்றார், தொப்பை போட்டுவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அப்புறம் சாப்பாடு. நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரையில் தட்டைத் தள்ளிவைப்பார், வயிறு நிறைந்துவிட்டது என்பார். ஒரு பீரியட் முடிந்து அடுத்த பீரியட் ஆரம்பிப்பதற்குள் பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னதற்கு சக டீச்சர்கள் சுகர் பாருங்கள் என்றார்கள். சுகர் இல்லை. பக்கத்தில் ஒரு டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் மாதவிடாய் நின்ற பிறகு இப்படித்தான் இருக்கும் என்றார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, சேலைக் கொசுவம் செருக இடமில்லாமல் ஆன பிறகுதான் ஸ்கேன். வயிற்றிலிருந்து நாலு லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள்.

பழைய நர்ஸ்:
இதே கதையை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். படிக்கிற மற்ற பெண்களும் கவனியுங்கள். வயிறு உப்பல், அடிவயிற்றில் வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி அவசரமாக மூத்திரம் வருவது. எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்து, விடாமல் தொடர்ந்தால் "கேஸ்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். ஸ்கேன் எழுதுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த 12 நாள் கணக்கு நான் சொல்வதல்ல, 2007-இல் அமெரிக்காவில் நோயாளிகளை வைத்தே பார்த்துச் சொன்னது.

மஞ்சள் பை:
அக்கா எனக்கு 24 வயது. பிசிஓடி இருக்கிறது, ஸ்கேனில் இரண்டு பக்கமும் சினைப்பையில் நீர்க்கட்டி நிறைய என்று எழுதியிருக்கிறார்கள். அது பின்னாடி புற்றுநோயாக மாறுமா? கல்யாணம் சீக்கிரம் பண்ணிக்கொண்டால் சரியாகும் என்று அம்மா ஆரம்பித்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
மஞ்சள் பை, அந்த ரிப்போர்ட்டில் கட்டி என்று எழுதுவதே குழப்பம். அவை முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். புற்றுநோய்க் கட்டியோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. பிசிஓடியில் பார்க்க வேண்டியது வேறு. மாதக்கணக்கில் தூரம் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அங்கேதான் பின்னாளில் ஆபத்து கூடும். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் டாக்டரைப் பாருங்கள். கல்யாணம் மருந்து ஆகாது என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சாக்லேட் கட்டி என்கிறார்களே, எண்டோமெட்ரியோசிஸ், அதுதான் வேறு கதை. அது இருப்பவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயில் சில வகைகள் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக வருகின்றன. அப்போதும் மொத்த எண்ணிக்கை சிறியதுதான்.

வெண்பூசணி, உங்கள் மாத்திரைக் கேள்வி விட்டுப்போயிற்று. முட்டை வளரக் கொடுக்கிற க்ளோமிஃபீன் மாத்திரையை 12 சுழற்சிக்கு மேல் சாப்பிட்டால் ஆபத்து கூடும் என்று 1994-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வு வந்து உலகமே பயந்தது உண்மை. அதில் நோய் வந்தவர்களே விரல்விட்டு எண்ணும் அளவு. பின்னால் டென்மார்க்கில் குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்த 54,362 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதில் ஒரு சிக்கல் எப்போதும் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே பிள்ளை தங்காதவர்கள், அந்தப் பிரிவுக்கே ஆபத்து கொஞ்சம் கூடுதல், பழியை மாத்திரை மேல் போடுவது சுலபம்.

நாரோயில்காரி:
பிள்ளை பெறாதவர்கள் என்றதும் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம்தான், கன்னியாஸ்திரி. மடத்தில் அவரோடு இருந்தவர்களில் மார்பு, கருப்பை, சினைப்பை என்று மூன்று பேருக்கு வந்தது. இதைப் பற்றித் தேடியபோது கிடைத்தது: இத்தாலியில் ராமத்சினி என்கிற மருத்துவர் 1713-லேயே, கன்னியர் மடங்களில் மார்புப் புற்றுநோய் அதிகம் என்று எழுதிவைத்திருக்கிறார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி எழுதியவர் அவர், குயவர், கொல்லர் வரிசையில் கன்னியாஸ்திரிகளையும் சேர்த்துவிட்டார்! 1969-இல் அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் இறப்புகளைக் கணக்கெடுத்தபோது மார்பு, சினைப்பை, கருப்பை மூன்றிலும் மற்றப் பெண்களைவிடக் கூடுதல் என்று தெரிந்தது. 2012-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் லான்செட்டில், கன்னியாஸ்திரிகளுக்குக் கருத்தடை மாத்திரையை நோய்த்தடுப்பாகக் கொடுக்கலாம், திருச்சபை அதை இலவசமாகவே தரட்டும் என்று எழுதினார்கள். கருத்தடையைத் தடுத்த 1968-ஆம் வருடத்துப் போப்பாண்டவர் மடலிலேயே, நோய்க்கு மருந்தாக என்றால் தடையில்லை என்று ஒரு வழி இருக்கிறதாம். அத்தையிடம் சொன்னேன். "எழுபத்தொரு வயசுல எனக்கெதுக்கு மக்கா மாத்திரை" என்றார்.

மாத்திரைக்கடை:
நல்ல இடத்தில் மாத்திரை பேச்சு வந்தது. திருச்சியில் 22 வருடமாக மருந்துக்கடை. நம் ஊரில் தினசரி கருத்தடை மாத்திரை என்றாலே புற்றுநோய் வரும், பிள்ளை பிறக்காது என்கிற பயம்தான். அவசர மாத்திரை கேட்டு வருகிறவர்கள் உண்டு, மாதா மாதம் வாங்குகிற குடும்பத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சினைப்பை விஷயத்தில் நிலைமை நேர் எதிர் என்று கணக்குப்பிள்ளை சார் சொன்னால் நன்றாக இருக்கும், நான் சொன்னால் வியாபாரம் என்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
சொல்கிறேன். 2008-இல் 21 நாடுகளின் 45 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள். நோய் வந்த 23,257 பெண்கள், வராத 87,303 பெண்கள். மாத்திரை சாப்பிட்ட ஒவ்வோர் ஐந்து வருடத்துக்கும் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 15 வருடம் சாப்பிட்டால் பாதி. நிறுத்தி 30 வருடம் கழித்தும் கொஞ்சம் பாதுகாப்பு மிச்சமிருக்கிறது. அதே ஆய்வில் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பத்து வருடம் சாப்பிட்டால், 75 வயதுக்குள் நோய் வருகிறவர்கள் நூற்றுக்கு 1.2 என்பது 0.8 ஆகிறது. நாட்டுக்குப் பெரிய லாபம், தனி ஒருத்திக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது.

மாத்திரைக்கடை:
இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கடைக்கு ஓடிவர வேண்டாம். தினசரி மாத்திரைகளான மாலா-என், மாலா-டி இரண்டும் ஈஸ்ட்ரஜன், ப்ரோஜெஸ்டின் என்கிற ஹார்மோன்கள் கலந்தவை. ரத்தம் உறைகிற வியாதி இருந்தவர்கள், பி.பி. அதிகம் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் அடித்துத் தலைவலி வருகிறவர்கள், 35 தாண்டிப் புகைக்கிறவர்கள் தொடக் கூடாது. சாப்பிடுகிற காலத்தில் மார்புப் புற்றுநோய் ஆபத்து சற்றே கூடுகிறது என்பதும் உண்மை.

இன்னொரு குழப்பம். அரசு கொடுக்கிற சாயா, கடையில் சஹேலி, இரண்டும் ஒரே கருத்தடை மருந்து. லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அதில் ஹார்மோனே கிடையாது, பொதுவாக முட்டை வெளிவருவதையும் தடுக்காது. சினைப்பைக்குச் சொன்ன அந்தப் பாதுகாப்புக் கணக்கை இதற்குப் போடக் கூடாது. இதையும் தினசரி மாத்திரையையும் ஒன்றாக நினைத்து ஒரு யூடியூப் வீடியோ ஓடுகிறது, அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள்.

வேப்பங்குச்சி:
மாதா மாதம் வருவது இயற்கை. அதை மாத்திரை போட்டு நிறுத்துவது எப்படி உடம்புக்கு நல்லதாகும்? யாராவது பதில் சொல்லுங்கள், சண்டைக்குக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி, நிஜமாகவே. மாலி நாட்டில் டோகோன் என்று ஒரு இனம். அங்கே தூரமான பெண்கள் ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் தங்க வேண்டும், நம் பக்கம் சில இடங்களில் இருந்த முட்டுவீடு மாதிரி. பெவர்லி ஸ்ட்ராஸ்மான் என்கிற மானுடவியலாளர் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கி, யார் எந்த ராத்திரி குடிசைக்கு வருகிறார்கள் என்று குறித்துவைத்தார். கருத்தடை இல்லாத ஊர், எட்டு ஒன்பது பிள்ளைகள், நீண்ட காலம் பால். ஒரு பெண்ணுக்கு ஆயுளில் மொத்தம் சுமார் 100 தடவைதான் மாதவிடாய். இன்றைய அமெரிக்கப் பெண்ணுக்கு 400 பக்கம். ஒன்றிரண்டு பிள்ளையோடு நிறுத்துகிற நம் வீட்டுப் பெண்களுக்கும் அந்த அளவுதான் வரும்.

ஆக மாதா மாதம் விடாமல் 35 வருடம் வருவதே புதுசு. அதற்காக எட்டுப் பிள்ளை பெறச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்தில் சாகிற ஆபத்தையும் ரத்தசோகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டுப் பிள்ளை எந்த விதத்திலும் லாபமில்லை.

இதே விஷயத்தைக் கோழியில் பார்த்திருக்கிறார்கள். மற்ற மிருகங்களுக்குத் தானாக இந்தப் புற்றுநோய் வருவது அபூர்வம், முட்டைக்கோழிக்கு வருகிறது, தினம் ஒரு முட்டை இடுகிறதே. இரண்டு வயதுக்கு மேல் வைத்திருந்தால் கூடிக்கொண்டே போகிறது. நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வருடம் தாண்டினால் கழித்துக் கறிக்கு அனுப்பிவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் ஃபத்தல்லா சொன்னதிலும் ஓட்டை உண்டு. ஒரு கர்ப்பத்தில் மிச்சமாவது ஒன்பது பத்து முட்டை. 400-இல் பத்து போனால் ஆபத்து இரண்டரை சதவீதம்தானே குறைய வேண்டும், முதல் பிள்ளைக்கே ஏன் 20-க்கு மேல் குறைகிறது? கர்ப்பத்தில் ஏறும் ப்ரோஜெஸ்டிரோன், கெட்டுப்போன செல்களை உதிர்த்துவிடுகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. முடிவான பதில் இன்னும் இல்லை.

பழைய நர்ஸ்:
இன்னொரு ஓட்டையும் சொல்லுங்கள் தம்பி. சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி சினைப்பையிலேயே ஆரம்பிப்பதில்லையே.

கணக்குப்பிள்ளை:
அக்கா நீங்களே சொல்லுங்கள், ஆபரேஷன் தியேட்டரில் பார்த்தவர்.

பழைய நர்ஸ்:
சரி. கருக்குழாய் சினைப்பைப் பக்கம் முடிகிற இடத்தில் கை விரல் மாதிரி, கிழிந்த முந்தானைக் குஞ்சம் மாதிரி தொங்கும். முட்டையை அள்ளிக்கொள்வது அந்த விரல்கள்தான். அதிகம் பேருக்கு வருகிற, வேகமாகப் பரவுகிற வகை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பித்துச் சினைப்பை மேல் விழுகிறது என்று 2001-க்குப் பிறகு தெரிய வந்தது. பிராக்கா (BRCA) என்று ஒரு மரபணுக் கோளாறு, பரம்பரையாக மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரவைப்பது, அது இருந்த பெண்களுக்கு முன்கூட்டியே எடுத்த குழாய்களை நெதர்லாந்தில் நறுக்கிப் பார்த்தபோதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நம் ஊருக்கு இது முக்கியம். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், இந்தியா முழுக்க எடுத்தால் 100-க்கு 38. இரண்டாவது பிரசவம் ஆன இரண்டாம் நாள், தொப்புளுக்குக் கீழே ஓர் அங்குலம் கிழித்து, குழாயை வளையமாகத் தூக்கி, அடியில் கட்டி, வளையத்தை வெட்டுவோம். நான் கூட நின்றதே சில ஆயிரம் இருக்கும். அந்த ஆபரேஷனுக்கும் பாதுகாப்பு உண்டு, சில வகைகளுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் நடுவில்தான் வெட்டுகிறோம், அந்தக் குஞ்சம் உள்ளேயே இருக்கிறது, அதனால் கெட்ட வகைக்கு அவ்வளவு இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல், எப்படியும் வயிற்றைத் திறக்கிறோம், கட்டி வெட்டுவதற்குப் பதில் முழுக் குழாயையும் எடுத்துவிடுங்கள், சினைப்பையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னார்கள். பின்னால் பார்த்தபோது எடுத்தவர்களிடம் அந்தக் கெட்ட வகை வரவே இல்லை. இன்னும் சில வருடம் பார்க்க வேண்டும், ஆனால் சேதி நல்ல சேதி. குழந்தை போதும் என்று கர்ப்பப்பை எடுக்கப் போகிறவர்களோ கு.க. செய்யப் போகிறவர்களோ "குழாயையும் எடுப்பீர்களா" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வெண்பூசணி, உன்னிடம் வருகிறேன். உங்கள் அம்மா வழியில் வேறு யாருக்காவது மார்பிலோ வயிற்றிலோ வந்திருக்கிறதா? முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், இவர்கள் கோழி, குடிசை என்று இழுத்துப் போய்விட்டார்கள்.

வெண்பூசணி:
அக்கா, அம்மாவுக்கு 46 வயதில் மார்பில் வந்தது. ஆபரேஷன் செய்து 16 வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். இரண்டும் வேறு வேறு நோய்தானே என்று சொல்லாமல் விட்டேன்.

நீங்கள் கேட்டதும் ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். அம்மாயி (அம்மாவின் அம்மா) எதில் போனார் என்று. அம்மாவுக்கு அப்போது பத்து வயதுதான். "வகுத்துல தண்ணி கோத்துக்கிச்சுன்னு பாயில படுத்தே கெடந்துச்சு, மகோதரம்னாங்க, வைத்தியர் வந்து ஊசியால தண்ணி எறக்குனாரு, மறுபடி ரொம்பிக்கிச்சு" என்றார். சாகும்போது ஐம்பதுக்குள். ஏழு பிள்ளை பெற்றவர் அக்கா. ஏழு பேருக்கும் பால் கொடுத்தவர். கடைசிப் பிள்ளை சித்திதான், அப்போது கைக்குழந்தை தாண்டிய வயது.

இதை டைப் அடிக்கும்போதே கை நடுங்குகிறது.

பழைய நர்ஸ்:
நடுங்காதே. மகோதரத்துக்குக் காரணம் நிறைய, ஈரல் கெட்டாலும் வரும், வயிற்றில் டி.பி. வந்தாலும் வரும், அம்மாயிக்கு இதுதான் என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்கு 50-க்குள் மார்பில், கூடப் பிறந்தவருக்குச் சினைப்பையில். இது போதும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மரபணு ஆலோசனைக்குப் போ. நீ தனியாகப் போகாதே, முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது அம்மா.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதே சரி. ஏன் அம்மா முதலில் என்றால், நோய் வந்தவரிடம் கோளாறு எது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். உங்களுக்கு மட்டும் பார்த்து இல்லை என்று வந்தால், அது நிஜமாகவே இல்லையா, தேடிய இடம் தப்பா என்று தெரியாது. சித்தியின் ஆபரேஷன் சதையை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரி லேபில் வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் அதையும் கேட்டு வாங்கலாம். பயாப்ஸி ரிப்போர்ட் நம்பர் இருக்கட்டும். உண்மையில் சித்திக்கு நோய் தெரிந்த அன்றே இந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

பிராக்கா 1 கோளாறு இருந்தால் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44, பிராக்கா 2 என்றால் 17. சாதாரணமாக ஒன்று என்றேன் அல்லவா, அதோடு ஒப்பிடுங்கள். பிள்ளை பெற்றது பெறாதது எல்லாம் இதற்கு முன் சின்னக் கணக்கு. கோளாறு உள்ளவர்களிடம் பிள்ளைப்பேறு பாதுகாக்கிறதா என்பதே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

மஞ்சள் பை:
ஒரு சந்தேகம். சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கிற சிஏ 125 ரத்தப் பரிசோதனையை எல்லோரும் வருடா வருடம் எடுத்துவிட்டால் என்ன? எங்கள் ஊர் லேபில் மாஸ்டர் செக்கப்பிலேயே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இங்கிலாந்தில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பார்த்துவிட்டார்கள், 50 வயது தாண்டியவர்கள், வருடா வருடம் ரத்தம், ஸ்கேன். முடிவு 2021-இல் வந்தது. கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்தார்கள், ஆனால் சாவு குறையவில்லை. அந்தப் பரிசோதனை மாதவிடாய் நேரத்தில் ஏறும், சாக்லேட் கட்டிக்கு ஏறும், வயிற்று டி.பி.க்கு நன்றாகவே ஏறும். தொந்தரவு ஒன்றும் இல்லாதவர் எடுத்தால் வீண் பயம்தான் மிச்சம். பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

வேப்பங்குச்சி:
சகோதரி, முதலில் நான் எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன், தளம் விடவில்லை. ஏழு பிள்ளை பெற்ற பாட்டி என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு நல்லபடியாக வரட்டும்.

வெண்பூசணி:
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அம்மாவுக்கு பிராக்கா 1 இருக்கிறது. ஆலோசகர் தாளில் வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்ப வரைபடம் வரைந்தார், வட்டம் பெண்கள், நோய் வந்தவர்களுக்கு மையால் நிரப்பினார். அம்மாயியின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அம்மாவுக்கு 62 வயது, மார்போடு முடிந்தது என்று நினைத்திருந்தவர், சினைப்பையும் குழாயும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதம் தேதி. அம்மா அழவில்லை, "இனிமே அது இருந்து எனக்கு என்ன பண்ணப் போவுது" என்றார்.

நானும் ரத்தம் கொடுத்துவிட்டேன். பாதிக்குப் பாதி என்றார். இருந்தால் 35-இலிருந்து 40-க்குள் எடுத்துவிடச் சொல்வார்களாம், எனக்கு 36. ஐவிஎஃப் டாக்டரும் இவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஒரு தடவை முயற்சி செய்ய நேரம் இருக்கிறதா என்று. ரிசல்ட் இரண்டு வாரத்தில்.

இப்போது என் கேள்வி வேறு. அம்மாயியின் ஏழு பிள்ளைகளில் வளர்ந்தது ஐந்து பேர். மாமாமார் வழியிலும் வருமாம், ஆண்கள் வழியாகவும் இறங்கும் என்றார். கணக்குப் பார்த்தால் பேத்திகள் மட்டும் பதினொரு பேர் இருக்கிறோம், இரண்டு பேர் துபாயில். குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுத உட்கார்ந்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, மூன்று தடவை அழித்தேன்.

பழைய நர்ஸ்:
குழுவில் போடாதே கண்ணு. அங்கே காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் இது போய் உட்காரும், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் இருப்பார்கள், கல்யாணம் ஆகாத பெண் ஒன்றிரண்டு இருக்குமே, அவர்கள் தலையில் விடியும். ஒவ்வொருவராகப் போன் பண்ணு. மாமாமாரிடமும் நேரில் சொல். 35 தாண்டியவர்களை முதலில் கூப்பிடு. அம்மாவின் ரிப்போர்ட் நகல் எடுத்துவை, அவர்கள் போகும் இடத்தில் அதைக் கேட்பார்கள். யாராவது கேட்க மாட்டேன் என்றால் விட்டுவிடு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை சொல்.

வெண்பூசணி:
சரி அக்கா. நோட்டில் பதினொரு பெயரும் எழுதிவிட்டேன், மாமாமார் இரண்டு பேர் தனியாக. ஆனால் முதல் போன் பேத்திகளுக்கு இல்லை, பெரியம்மாவுக்கு. 66 வயது, தன் வட்டத்தை யாரும் இன்னும் பார்க்கவில்லை. ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, கேஸ் மாத்திரை சாப்பிடுகிறாராம், அம்மா இன்று காலைதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை, நாளைக்கு முதல் பஸ்ஸில் நானே போகிறேன்.